நான்காம் எண் நாற்காலி

“நீ பேசுறது எனக்கு ஒரு வார்த்தகூடக் கேக்கலம்மா. வாய் மட்டும்தான் அசையுது. செல்வி அத்த வீட்டுல எல்லாம் தெளிவாக் கேக்குது. நான் அங்க போய்ப் படிக்கேன்.”

சுபி சொன்னதை எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறேன். ஆகஸ்ட் மாதம் பதினோராம் தேதி, ஞாயிறு, காலை பத்தேகால் மணி. கல்லில் மூன்றாவது தோசை கிடந்தது. அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வந்திருப்பது பக்கமொழி. நான் பேசினால் வீட்டில் இருப்பவர்களுக்குக் கேட்காது. பார்வையாளர்களுக்கு மட்டும்தான் கேட்கும்.

நான் தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு நீளமாகவே பதில் சொன்னேன். பத்து மாதம் சுமந்ததிலிருந்து ஆரம்பித்தேன். முற்றத்தில் உட்கார்ந்திருந்த பதினைந்து பேரும் கேட்டார்கள். முன்வரிசையில் இருந்த குடைக்காரர் உச்சுக் கொட்டினார். பார்வையாளர்கள் சிரிக்கலாம், உச்சுக் கொட்டலாம், பதில் மட்டும் சொல்லக் கூடாது. அது விதி.

பிறகு ஒரு தாளை எடுத்து, ‘போகாதே, நான் சொல்லித்தருகிறேன்’ என்று எழுதி அவள் முன்னால் நீட்டினேன். பக்கமொழி வீட்டில் எழுதிக் காட்டுகிற எதுவும் அடைப்புக்குறிக்குள் போய் மேடைக்குறிப்பாகிவிடும் என்பதை அவசரத்தில் மறந்துவிட்டேன். சுபி வாய்விட்டே படித்தாள்: “(மகள் பையை எடுத்துக்கொண்டு இடப்பக்கமாக வெளியேறுகிறாள்.)” எங்கள் வீட்டில் இடப்பக்கம் இருப்பது பூஜை அறை. அவள் அதற்குள் போய், சாமி படங்களை ஒரு சுற்றுச் சுற்றி, சமையலறை வழியாக வந்து, என்னைத் தாண்டி வெளியேறினாள். சொன்னபடி செய்கிற பெண். அந்த விஷயத்தில் நான் அவளை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பாளையங்கோட்டையில் பிளஸ் டூ ஆங்கிலப் பாடத்தில் ஓர் அவல நாடகம் இருக்கிறது. ஐந்து அங்கம். ஒரு தீவு, ஒரு ராஜா, ஒரு கலங்கரை விளக்கம். கடலில் வருகிற கப்பல்கள் எல்லாம் அரண்மனையைப் பார்க்காமல் விளக்கையே பார்க்கின்றன என்று ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. நாலாவது அங்கத்தில் விளக்கை அணைக்கச் சொல்கிறான். ஐந்தாவது அங்கத்தில் அவன் மகள் வந்த கப்பல் பாறையில் மோதுகிறது. அவ்வளவுதான் கதை. ஜூன் மாதம் புத்தகம் கொடுக்கும்போதே பள்ளிக்கூடத்தில் சீட்டு ஒன்றும் கொடுப்பார்கள். அந்தச் சீட்டில் ஓர் இலக்கியச் சொல் இருக்கும். பொதுத் தேர்வு முடிகிறவரை அந்த வீடு அந்தச் சொல்லை நடத்த வேண்டும். பிள்ளைகள் மனப்பாடம் செய்து கக்காமல் உணர்ந்து படிக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

எங்கள் காம்பவுண்டில் எட்டு வீடு. நடுவில் முற்றம். இந்த வருடம் பிளஸ் டூ பிள்ளைகள் இருப்பது நான்கு வீடுகளில். கேட்டை ஒட்டிய வீட்டுக்கு முன்னறிகுறி. அங்கே ஜூன் மாதத்திலிருந்தே துணிக்கொடியில் நீல வார் வைத்த ஒரு ஜோடி ஈரச் செருப்பு தொங்குகிறது. சொட்டிக்கொண்டே இருக்கும், காயாது. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. மாடி வீட்டுக்கு உச்சக்கட்டம். அங்கே பால் காலையிலிருந்து பொங்கும் நிலையிலேயே நிற்கிறது. அந்தம்மா கரண்டியும் கையுமாக எதிரில் நிற்கிறாள். எதிர்வீட்டு முத்துச்செல்விக்குத் தனிமொழி. எனக்குப் பக்கமொழி.

இது தானாக அமைந்ததில்லை. இங்கேதான் என் புத்தி வேலை செய்தது.

முதலில் தனிமொழி எனக்குத்தான் வந்தது. சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. செல்வி அரசுப் பள்ளியில் பத்தாவதுவரை தமிழ்வழியில் படித்தவள். வரிசையிலிருந்து விலகி என்னிடம் வந்து, “வடிவக்கா, நீங்க கான்வெண்டு. இதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க,” என்றாள். பார்த்தேன். பக்கமொழி. மற்றவர்கள் மேடையில் நிற்கும்போதே ஒரு பாத்திரம் பார்வையாளர்களுக்கு மட்டும் சொல்வது. என் கையில் இருந்தது தனிமொழி. முப்பது வருடத்துக்கு முன்னால் சிஸ்டர் எமரன்சியா சொல்லச் சொல்ல நான் எழுதிய நோட்டு கண்முன் வந்தது. ‘தனிமொழி: மேடையில் யாருமில்லாதபோது ஒரு பாத்திரம் பேசுவது.’ யாருமில்லாதபோது என்பதன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தேன். சிஸ்டர் அதற்கு ஒரு நட்சத்திரம் ஒட்டினார்கள்.

எனக்கு எதற்கு அது? புருஷன் இருக்கிறார், மகள் இருக்கிறாள். யாருமே இல்லாத வீட்டுக்கு வரவேண்டிய சீட்டு. பக்கமொழிதான் குடும்பத்துக்கு ஏற்றது, எல்லோரும் கூடவே நிற்பார்கள். அவள் கையில் இருந்ததை வாங்கிக்கொண்டு, “இது உனக்குக் கஷ்டம் செல்வி. பேச்சுத் திறமை வேணும். என்னுதை நீ வச்சுக்கோ,” என்று மாற்றிக் கொடுத்தேன். “நல்லதுக்கா,” என்று வாங்கிக்கொண்டாள். இரண்டு வீடும் சம்மதித்தால் ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். கிளார்க் சீல் போட்டார்.

அடுத்த நாளே மாநகராட்சியிலிருந்து ஆட்கள் வந்து எங்கள் கூடத்தின் முன்சுவரை எடுத்துக்கொண்டு போனார்கள். மெதுவாக, செங்கல் செங்கலாக, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எண் போட்டு எடுத்தார்கள். சுவர் இருந்த இடத்தில் வெள்ளைக் கோடு ஒன்று. கோட்டுக்கு அந்தப் பக்கம் முற்றத்தில் பதினாறு பிளாஸ்டிக் நாற்காலிகள். டிக்கெட் கிழிக்க ஒருவர். வேறு வார்டிலிருந்து முறைவைத்துப் பார்வையாளர்கள் வந்தார்கள். காலை பத்து மணிக்கு வந்து மாலை ஏழு மணிக்குப் போவார்கள். பதினைந்து பேர் ஒழுங்காக வந்தார்கள். நான்காம் எண் நாற்காலிக்கு வரவேண்டியவர் முதல் நாளே ராஜபாளையத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அது காலியாகவே கிடந்தது.

முதல் ஒரு மாதம் போல் சுகமான காலம் என் கல்யாண வாழ்க்கையில் இல்லை. இவர் மின்வாரியத்தில் இருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் அன்றைக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மரில் என்ன கோளாறு என்று ஆரம்பிப்பார். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே அவரைப் பற்றியும், அவர் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றியும், அவர் அக்கா கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாயைப் பற்றியும் நினைத்ததைச் சொல்வேன். பார்வையாளர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இவர் ரசம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போவார். என் வாய்க்கு அப்போதுதான் தகுந்த இடம் கிடைத்தது என்று இருந்தேன்.

கொஞ்ச நாளில் வேறு மாதிரி ஆயிற்று. காஸ் தீர்ந்துவிட்டது என்றேன், கேட்கவில்லை. ஜுரம் என்றேன், கேட்கவில்லை. ஒருநாள் குளியலறையில் தேள் என்றேன். பார்வையாளர்கள் பதினைந்து பேரும் காலைத் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார்கள். இவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

செல்வி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அங்கே சுவரை எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலுக்கு எதிரே கம்பம் நட்டு ஒரு விளக்குப் போட்டார்கள். செல்வி வாயைத் திறந்தால் அவள் புருஷனும் இரண்டு பையன்களும் எழுந்து வெளியே போய்விடுவார்கள். விளக்குத் தானாக எரியும். வெளிச்சம் வாசல் வழியாகப் போய் அவள்மேல் விழும். பிறகு அவள் பேசுவாள். பேசுவது காம்பவுண்டு முழுக்கக் கேட்கும். பொழுது சாய்கிற நேரத்துப் பேச்சுக்குத்தான் கூட்டம் அதிகம். மாடிப்படியெல்லாம் ஆள் உட்கார்ந்திருக்கும். என் வீட்டுப் பார்வையாளர்களே கழுத்தைத் திருப்பிக் கேட்பார்கள். திருப்பக் கூடாது என்று டிக்கெட் கிழிப்பவரிடம் புகார் சொன்னேன். கழுத்தைப் பற்றி விதி ஒன்றும் இல்லை என்றார்.

அப்படி என்ன பேசிவிடுகிறாள் என்று நானும் ஜன்னலோரம் நின்று கேட்டேன். அவள் கையில் மீன் சட்டி இருந்தது. தலையைக்கூட வாரவில்லை.

“எனக்கு வால் துண்டுதான் பிடிக்கும்னு எங்க வீட்டுல எல்லாரும் நம்புதாவ. நானும் சொல்லிச் சொல்லி அப்படியே ஆயிட்டு. மீனுக்கு நடுத் துண்டுன்னு ஒண்ணு இருக்குங்கதையே மறந்துட்டேன்.”

இதுதான் அவள் பேசியது. உவமை உண்டா, உருவகம் உண்டா, ஒரு மண்ணும் கிடையாது. மாடிப்படியில் ஆறு பேர் மூக்கைச் சிந்தினார்கள். நாங்கள் சைவம். இவர் ஆயுளில் ஒரு மீனைத் தொட்டதில்லை. வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மீனை நினைத்து அழுதார். மறுநாள் வாழைக்காய் வறுவலைத் தட்டில் போட்டபோது நிமிர்ந்து பார்த்து, “உனக்கு எந்தத் துண்டு பிடிக்கும் வடிவு?” என்று கேட்டார். இருபத்து இரண்டு வருடத்தில் முதல்தடவை கேட்டார். தீய்ந்த ஓரம் உள்ளது பிடிக்கும் என்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தீயாததாகப் பார்த்து இரண்டு எடுத்து என் தட்டில் வைத்தார்.

அதன்பிறகுதான் சுபி பையை எடுத்துக்கொண்டு போனாள்.

நான் அந்தக் காலத்தில் பதினோராம் வகுப்பிலேயே இதே நாடகத்தைப் படித்தவள். ராஜாவின் குறை எது என்ற கேள்விக்கு நான் எழுதிய பதிலை சிஸ்டர் வகுப்பில் வாசித்துக் காட்டினார்கள். பெற்ற மகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் இருக்கும்போது, நாடகத்தின் அட்டையைக்கூடத் திறக்காத ஒருத்தி வீட்டு மாடிப்படியில் அவள் நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். சுபி ராஜாவின் வசனத்தைப் படித்து அர்த்தம் சொல்வாளாம். செல்வி கேட்டுவிட்டு வாயைத் திறப்பாளாம். உடனே சுபி உட்பட எல்லோரும் வெளியே வருவார்கள். விளக்கு எரியும். தனக்கு அந்த மாதிரி எப்போது இருந்தது என்று செல்வி உள்ளிருந்து பேசுவாள். சுபி படியில் உட்கார்ந்து எழுதிக்கொள்வாள். காலாண்டில் ஆங்கிலத்தில் நாற்பத்தொன்று வாங்கியவள், அரையாண்டில் எண்பத்தாறு வாங்கினாள். இவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். செல்வி ஒரு டிபன் பாக்ஸ் நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினாள். நான் அதைப் பார்வையாளர்களுக்குக் கொடுத்தேன். நன்றாக இருந்திருக்க வேண்டும். யாரும் பதில் சொல்லவில்லை, ஆனால் மீதியும் வரவில்லை.

மகள் எதிர்வீட்டில் தூங்கி, எதிர்வீட்டில் எழுந்து, எதிர்வீட்டு எண்ணெயைத் தலையில் தடவிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ஐந்து மாதம் பார்த்தேன். செல்வி அவளுக்கு இரட்டைச் சடை போட்டுவிட்டாள். நான் எப்போதும் ஒற்றைச் சடைதான் போடுவேன். இரட்டைச் சடை அவளுக்கு நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போய் சீட்டைத் திரும்ப மாற்ற முடியுமா என்று கேட்டேன். ஜனவரி மாதத்தில் மட்டும் முடியும் என்றார் கிளார்க். ஏழாம் எண் படிவம். யாரிடம் மாற்றினேனோ அந்த வீட்டுக்காரி முதலில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு நான். “அந்தம்மாட்ட ஒரு வார்த்த கேளுங்க மேடம்,” என்றார். படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். செல்வி துணி காயப்போட்டுக்கொண்டு நின்றாள். அவள் என் வீட்டு ஆள் இல்லை; நான் பேசினால் அவளுக்குக் கேட்கும். ஒரு வார்த்தைதான். நான் அந்த வார்த்தையோடு அவளைத் தாண்டி வீட்டுக்குள் போய், படிவத்தை நாலாக மடித்து அரிசி டிரம்முக்கு அடியில் வைத்தேன். கான்வெண்டில் எங்களுக்கு நிறையச் சொல்லிக்கொடுத்தார்கள். செல்வியிடம் போய் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

ஜனவரி இருபத்தெட்டாம் தேதி, மாலை ஆறே முக்கால். செல்வி ஆரம்பித்திருந்தாள். விளக்கு எரிந்தது. அன்றைக்கு அவள் பேசியது பெண் பிள்ளை இல்லாத வீட்டைப் பற்றி. சுபியின் தலையில் பேன் பார்க்கும்போது தன் கை தானாகவே மெதுவாகிவிடுகிறது என்றாள். சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்று கைக்குத் தெரியுமாம். இவர் மாடிப்படியில் இரண்டாவது படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மீட்டர் பலகை எங்கள் வீட்டுப் பக்கச் சுவரில்தான் இருக்கிறது. எந்தக் கட்டை எந்த விளக்குக்கு என்று இவர் எனக்கு எப்போதோ காட்டிக்கொடுத்திருக்கிறார். கேள்வி எனக்குத் தெரியும், பதிலும் தெரியும். ‘ராஜா விளக்கை ஏன் அணைக்கச் சொன்னான்? ஐந்து வரிகளில் விடை தருக.’ நான் அதை நாற்பது தடவை எழுதியவள். பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடித்து இழுத்தேன். முற்றம் இருட்டாயிற்று. வெளிச்சம் இல்லாமல் தனிமொழி செல்லாது. செல்வி பாதி வாக்கியத்தில் நின்றாள். கட்டையைக் கொண்டுபோய்த் துவரம்பருப்பு டப்பாவில் போட்டு மூடினேன். நிம்மதியாக இருந்தது.

அந்த நேரத்தில் சுபி படியிலிருந்து இறங்கி எங்கள் வீட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்திருக்கிறாள். பாதி முற்றம் கடந்தபோது விளக்குப் போயிற்று. எங்கள் கூடத்து டியூப்லைட்டைப் பார்த்தபடி நேராக நடந்திருக்கிறாள். நாற்காலிகள் தெரியவில்லை. முழங்கால் ஒன்றில் இடித்தது. தேய்த்துவிட்டுக்கொள்ள உட்கார்ந்தாள். அது நான்காம் எண் நாற்காலி. டிக்கெட் கிழிப்பவர் இருட்டிலும் கடமை தவறாதவர். உடனே வந்து டிக்கெட்டைக் கிழித்துப் பாதியை அவள் கையில் கொடுத்தார்.

பார்வையாளராக உட்கார்ந்தவர் தேர்வு முடிகிறவரை கோட்டைத் தாண்டி வரக் கூடாது. பதில் சொல்லக் கூடாது. எதையும் மேடைக்கு நீட்டக் கூடாது. சுபி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான், “பருப்பு டப்பாவை யாரும் திறக்கப் போறதில்ல,” என்று எனக்குள் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் புருவம் உயர்ந்தது. ஜூன் மாதத்துக்குப் பிறகு என் குரல் அவள் காதில் விழுந்தது அப்போதுதான்.

அவள் மடியில் ஒரு தாள் இருந்தது. ஏழாம் எண் படிவம். கூடத்து வெளிச்சத்தில் தெரிந்தது. முதல் கையெழுத்து போட்டிருந்தது. முத்துச்செல்வி என்று குண்டு குண்டாக, தமிழில், கோட்டுக்கு வெளியே போகாமல். கீழே என் கையெழுத்துக்கான இடம் காலி.

மறுநாள் காலை செல்வி கொடியடிக்கு வந்தாள். விளக்கு யார் வேலை என்று அவள் கேட்கவில்லை.

“பிள்ள கேட்டுச்சு. அம்மாட்ட படிக்கணும் அத்த, அம்மா பேசுறது கேக்கணும்னு. நான் உடனே போட்டுக் குடுத்துட்டேன். நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா ஜனவரி பொறந்ததுமே குடுத்திருப்பேனேக்கா.”

உனக்குத்தான் ஊரே கூடுகிறதே, விட்டுக்கொடுக்க மனசு வருமா என்று கேட்டேன்.

“ஊரு கூடி என்ன செய்ய? உப்ப எடுங்கன்னு சொல்ல வாயத் தொறந்தா மூணு பேரும் தட்டோட எந்திரிச்சு வாசல்ல போய் நிக்காவ. எட்டு மாசமா நான் தனியாத்தான் சாப்பிடுதேன். நீங்க எவ்வளவு பேசுனாலும் அண்ணாச்சி பக்கத்துலயே இருக்காவ. ஜன்னல் வழியாப் பாப்பேன். வயிறு எரியும்.”

ஒரு போர்வையின் இரண்டு முனையைப் பிடித்து அவள் பிழிந்தாள். மற்ற இரண்டு முனையை நான் பிடித்துக்கொண்டேன். யாருமில்லாதபோது என்பதன் கீழே நான் போட்ட சிவப்புக் கோடு சரியான இடத்தில்தான் இருந்திருக்கிறது. பக்கமொழியின் கீழே கோடு போடத்தான் சிஸ்டர் சொல்லவில்லை. பக்கத்து முன்னறிகுறி வீட்டுக் கொடியில் செருப்பு சொட்டிக்கொண்டிருந்தது.

அன்று மதியமே கிளார்க்கைப் போய்ப் பார்த்தேன். அரிசி டிரம்முக்கு அடியில் இருந்த படிவத்தை நீட்டி, இதில் மறுபடி கையெழுத்து வாங்கி வரட்டுமா என்றேன். முடியாது மேடம் என்றார். ஒரு வீட்டுக்கு ஒரு கையெழுத்துதான், அது பார்வையாளர் மடியில் இருக்கிறது என்று பதிவாகிவிட்டது. வேண்டுமானால் காத்திருங்கள் என்றார். ஜனவரியும் முடிந்தது.

ஃபியூஸ் கட்டையைத் திரும்பப் போட்டுவிட்டேன். சுபி பள்ளிக்கூடம் விட்டதும் நாலரைக்கு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே வந்துவிடுவாள். அரை டிக்கெட்டைக் காட்டி நான்காம் எண்ணில் உட்கார்ந்து நோட்டைத் திறப்பாள். நான் கோட்டின் இந்தப் பக்கம் நின்று முதல் அங்கத்திலிருந்து நடத்தினேன். ஒரு வார்த்தையை விடவில்லை. ராஜாவின் குறை வந்தபோது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். குடைக்காரர்கூட ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவந்து எழுதிக்கொள்கிறார். சுபி எழுதுகிறாள். அவளுக்குப் புரிகிறதா, கோபமா, போய்விட்டதா, எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இல்லை. ஏழு மணிக்கு எழுந்து எதிர்வீட்டுக்குப் போகிறாள். மாதிரித் தேர்வில் தொண்ணூற்று மூன்று. செல்வி வீட்டில் படிப்பதால்தான் இந்த மார்க் என்று இவர் எல்லோரிடமும் சொல்கிறார். இல்லை என்று நான் சொன்னேன். பதினாறு பேருக்குக் கேட்டது.

நேற்று நாலாம் அங்கத்தை முடித்தேன்.

இன்று ஞாயிறு. காலையில் முன்னறிகுறி வீட்டுக் கொடியைப் பார்த்தேன். செருப்பைக் காணவில்லை. கொடி காய்ந்திருந்தது. பத்து மணிக்குப் பார்வையாளர்கள் வந்தார்கள். சுபி வந்தாள். செல்வி வாங்கிக்கொடுத்த நீல வார் செருப்புப் போட்டிருந்தாள். எங்கேயோ பார்த்த செருப்பு. நான் புத்தகத்தை எடுத்து ஐந்தாவது அங்கம் என்று ஆரம்பித்தேன். இரண்டாவது பக்கம் திருப்பும்போது கேட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. அலை அலையாக, அவசரமில்லாமல் வந்தது. ஒரு விரலை நனைத்து வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு. உப்புத் தண்ணீர் நின்றால் தரையில் வெள்ளைத் திட்டு விழும், தேய்த்தாலும் போகாது. வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துவந்து கோட்டோரமாக வைத்துக்கொண்டேன்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடல் வந்திருக்கிறது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு, செய்தித்தாளோடு கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். எதிர்வீட்டில் செல்வி பாயைச் சுருட்டிப் பரணில் வைக்கிற சத்தம் கேட்டது. பின்வரிசைக்காரர்கள் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்கள். பிறகு முன்வரிசைக்காரர்கள். குடைக்காரர் குடையையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சுபி மட்டும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் கடைசியாகச் சொன்ன வரியை எழுதுகிறாள் என்று நினைக்கிறேன். தண்ணீர் அவள் கணுக்காலுக்கு வந்துவிட்டது. மடியில் படிவம் இருந்தது, நாலாக மடித்து.

புத்தகத்தை மூடிவிட்டுக் கோட்டின்மேல் வந்து நின்றேன்.

“சுபி, செருப்பு நனையுதுட்டி. காலத் தூக்கி மேல வச்சுக்கோ.”